கையெழுத்திடுவதற்கு முன்



சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் நோக்கி வருகிறவர்கள் இருபுறமும் விரிந்து கிடக்கும் கரிசல் காட்டைக் காண்பார்கள். இத்தகைய காடுகளில் இன்று தமிழகமெங்கும் மனைக் கற்கள் முளைக்கின்றன. ஓரிடத்தில் தனியார் மனை பிரிக்கிறார்கள். வேறோரிடத்தில் வீடற்றவர்க்கு அரசு வீடு கட்டித்தர முன்வருகிறது. கல் ஊன்றிய சில நாட்களில் ஊரில் ஒரு மனுவும் எழுதப்படுகிறது. "இங்கே வீடுகள் வரக்கூடாது" என்னும் அம்மனுவில் நம் குடும்பத்தாரிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். இடலாமா, கூடாதா? இம்மாதம் இதனைப் பற்றி உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

இங்கு வருவதற்கு முன் நான் பங்குத் தந்தையாயிருந்த ஓர் ஊரில், ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பெரியவர்கள் ஏழு பேர் பங்கு இல்லத்திற்கு வந்தனர். கையில் ஒரு மனு இருந்தது. ஊருக்குக் கிழக்கேயுள்ள புறம்போக்கில் 40 வீடுகள் கட்டப்படவிருந்தன. அதைத் தடுக்க வேண்டுமென்று மாவட்ட ஆட்சியருக்கு எழுதியிருந்தார்கள்.

"சாமி, நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கலெக்டர் ஆபீசில் மதிப்பு இருக்கும்" என்றார் ஒருவர்.

மனுவை வாசித்தேன். காரணங்கள் நான்கு. ஓடை மறிக்கப்பட்டுக் குளத்திற்கு நீர் வராது என்பது முதலாவது. இருக்கும் குடிநீரே போதவில்லை என்பது இரண்டாவது. கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும் பாதை குறுகிவிடும் என்பது மூன்றாவது. ஊரின் அமைதி கெடும் என்பது நான்காவது.

"அமைதி எப்படிக் கெடும்?" என்று கேட்டேன். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "சாமிக்குத் தெரியாததா? வரப்போகிறவர்கள் யார் என்று பட்டியலைப் பார்த்தால் புரிந்துவிடும்" என்றார்.

பட்டியலைப் பார்க்க வேண்டிய தேவை எனக்கிருக்கவில்லை. ஊருக்கு அப்பால் குடிசைகளில் வாழ்ந்த கூலிக் குடும்பங்களுக்கே அவ்வீடுகள் என்பதை நான் அறிந்திருந்தேன். அவர்களிற் சிலர் நம் ஆலயத்திற்கே வருபவர்கள். கடைசி வரிசையில் நின்று திருப்பலி காண்பவர்கள்.

நான் அப்போது சொன்னது யாது? "இரண்டு நாள் பொறுங்கள், யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். நான்காம் காரணத்தைக் கேட்ட அக்கணமே அதைக் கண்டிக்கவில்லை. திருவிழா நெருங்கியிருந்தது. கோபுர வேலை பாதியில் நின்றது. வந்தவர்களோ அதற்கு வாரிக் கொடுத்தவர்கள். அன்று நான் காத்த மௌனம் இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

மறுநாள் காலை, ஊரில் நெடுங்காலம் நீர்பாய்ச்சியாக இருந்த முதியவரை அழைத்துக்கொண்டு அந்நிலத்தைப் பார்க்கச் சென்றேன். அவர் கையில் வரைபடம் இல்லை. கைத்தடி ஒன்றே இருந்தது. நிலத்தின் தென்பாதியில் நின்று, "இது காய்ந்து கிடக்கிறதே என்று பார்க்காதீர்கள் சாமி. ஐப்பசியில் மழை பிடித்தால் மேற்கேயிருந்து வரும் தண்ணீருக்கு இதுதான் வழி" என்றார். வடபாதிக்கு வந்து, "இது மேடு. இங்கே தண்ணீர் நின்று நான் பார்த்ததில்லை" என்றார். ஆக, மனுவின் முதற் காரணம் பாதி உண்மை, பாதி அன்று.

நீரைப் பற்றிய அச்சத்தை அற்பமாகக் கருதக்கூடாது. குருவிகுளம், களப்பாகுளம் என்று ஊர்ப் பெயர்களிலேயே குளத்தைச் சுமந்திருக்கும் வட்டாரம் நம்முடையது. வற்றாத ஆறு இங்கு ஓடவில்லை. வடகிழக்குப் பருவ மழை தரும் நீரை ஓடை வழியாகக் கொணர்ந்து, கரை கட்டித் தேக்கி, மடை திறந்து பாய்ச்சி, மிகுந்ததை மறுகால் வழியாக அடுத்த குளத்திற்கு அனுப்பிய முன்னோர்களால் இங்கு வேளாண்மை நிலைத்தது. ஒரு குளத்தின் வரத்துக்கால்வாயை மண் போட்டு மூடினால் அக்குளம் மட்டுமன்று, அதன் மறுகாலை நம்பியிருக்கும் கீழ்க்குளமும் வறளும். மழை மிகும் ஆண்டிலோ, வழியிழந்த நீர் வீடுகளுக்குள் புகும். ஆதலின் நீர்வழியில் வீடு கட்டுவதை எதிர்ப்பது நியாயமே, அது கடமையுமாகும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. ஏரி குளங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கென்றே தமிழக அரசு 2007-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அனுமதி பெறாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக்கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை விதித்தது. பின்னர் 2017-இல் அரசு விதிகள் வகுத்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப் பிரிவுகளை வரன்முறைப்படுத்த வழி செய்தது. தனியாரிடம் மனை வாங்க விரும்பும் குடும்பத்தார் விளம்பரத் தாளை நம்பிவிடாமல், கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். அந்த நிலம் ஓடை என்றோ குளம் என்றோ அவற்றில் குறிக்கப்பட்டிருந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் அதனருகே செல்ல வேண்டாம்.

இவ்வளவும் முதற் காரணத்தைப் பற்றியது. இரண்டாவதும் மூன்றாவதும்கூட ஆராயத் தக்கனவே. தொட்டியொன்று கட்டினால் குடிநீர்க் குறை நீங்கும். அளந்து கல் நட்டால் பாதை குறுகாது. நான்காவதை என்ன செய்வது? முதல் மூன்றும் அந்த நான்காவதற்குப் போர்வையாக வந்தனவா? அன்றிரவு என்னை வாட்டிய கேள்வி அதுவே. அவ்வமயம், நம் திருச்சபையைச் சேர்ந்த துறவியர் வேறொரு நாட்டில் எதிர்கொண்ட ஒரு வழக்கு என் நினைவிற்கு வந்தது.

அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 26 மைல் தொலைவில் ஆர்லிங்டன் ஹைட்ஸ் என்னும் ஊர் உள்ளது. அங்கே புனித வியேட்டர் சபைக் குருக்களுக்கு 80 ஏக்கர் நிலம் இருந்தது. அதில் ஒரு பகுதியில் அவர்கள் உயர்நிலைப் பள்ளி நடத்தினார்கள். பெரும்பகுதி வெறுமையாய்க் கிடந்தது. 1970-ஆம் ஆண்டில், அந்நிலத்தில் 15 ஏக்கரைக் குறைந்த வருவாயுள்ள குடும்பங்களின் வீடுகளுக்கு அளிக்க முடிவு செய்தார்கள். இலாப நோக்கற்ற ஒரு நிறுவனம் 190 வீடுகள் கட்ட முன்வந்தது. எல்லா இனத்தாரும் கலந்து வாழும் குடியிருப்பாக அது அமைய வேண்டுமென்பது திட்டம். அவ்வூரின் மக்கள் தொகை அப்போது 64,000. 1970-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்களில் கறுப்பினத்தார் 27 பேர் மட்டுமே.

1971-இல் நடந்த பொதுக் கூட்டங்களுக்கு மக்கள் திரண்டு வந்தனர். வந்தவர்களிற் பெரும்பாலோர் திட்டத்தை எதிர்த்தனர். தனி வீடுகளுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் அடுக்கு வீடுகள் வரலாகாது என்றனர். தங்கள் வீடுகளின் விலை குறையும் என்றனர். சிலர் இன்னார் நம்மிடையே வரலாமா என்பதையும் பேசினர். செப்டம்பர் 28-இல் ஊர் மன்றம் 6 வாக்குகளுக்கு 1 என்னும் கணக்கில் அனுமதி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1977 சனவரி 11-இல் தீர்ப்பு வந்தது. ஒரு முடிவால் ஓரினத்தாருக்கு அதிகத் தீங்கு நேர்கிறது என்று காட்டுவது மட்டும் போதாது. தீங்கு செய்யும் நோக்கமிருந்தது என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். இங்கே அது மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிபதிகள் கூறினர். வழக்கு வேறொரு சட்டத்தின்கீழ் மீண்டும் கீழ் நீதிமன்றத்தில் தொடர்ந்து, முடிவில் இரு தரப்பாரும் உடன்பாட்டிற்கு வந்தனர். குருக்கள் கொடுக்க விரும்பிய நிலத்தில் அவ்வீடுகள் எழவில்லை. வேறோர் இடத்திலேயே எழுந்தன.

இத்தீர்ப்பைப் பற்றி எண்ணுந்தோறும் எனக்குத் தோன்றுவது இது. மனிதனின் உள்நோக்கத்தை மெய்ப்பிப்பது நீதிமன்றத்திற்கு அரிது. சாட்சி வேண்டும், எழுத்து வேண்டும். நமக்கோ அத்தகைய சாட்சி வேண்டியதில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிடுகிறவன் தன் உள்நோக்கத்தைத் தானே அறிவான். "தண்ணீருக்காகத்தான் எதிர்த்தேன்" என்று ஆட்சியரிடம் சொல்லலாம்; ஆண்டவரிடம் சொல்ல முடியுமா?

எதிர்ப்பவர்களின் அச்சம் எந்த அளவிற்கு உண்மையாயிற்று என்பதற்கு இன்னோர் ஊர் விடை தருகிறது. நியூ ஜெர்சி மாநிலத்தில் மவுண்ட் லாரல் என்னும் சிற்றூர். பல தலைமுறையாக அங்கு வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள், தங்கள் பிள்ளைகளும் அவ்வூரிலேயே வாழவேண்டுமென்று 36 எளிய வீடுகளுக்கு அனுமதி கேட்டன. 1970-இல் அவ்வூர்த் தலைவர் அவர்களுடைய ஆலயத்திற்கே வந்து, இங்கு வாழ வசதியில்லாதவர்கள் வேறு ஊருக்குப் போக வேண்டியதுதான் என்னும் பொருள்படப் பேசினார். எத்தல் லாரன்ஸ் என்னும் பெண்மணி முன்நின்று வழக்குத் தொடுத்தார். 1975-இலும் 1983-இலும் மாநில உச்ச நீதிமன்றம் ஏழைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆயினும் அவர் 1994-இல் மறையும்வரை ஒரு வீடும் எழவில்லை. அவர் பெயர் தாங்கிய 140 வீடுகளில் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் குடியேற்றம் தொடங்கியது.

கொள்ளை பெருகும், வீட்டு விலை வீழும், வரி உயரும் என்று அவ்வூரார் அஞ்சியிருந்தார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலர் டக்ளஸ் மாசி தம் குழுவினரோடு அதை ஆராய்ந்து 2013-இல் நூலாக வெளியிட்டார். அக்கம்பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டபோது, இம்மூன்றில் எதுவும் அக்குடியிருப்பால் நேரவில்லை என்று கண்டார். அருகில் வசித்தவர்களிற் பலருக்கு அப்படியொரு குடியிருப்பு இருப்பதே தெரியவில்லையாம்! அதற்காகவா ஒரு தலைமுறைக் காலம் வழக்காடினார்கள்?

இஃது அந்நிய நாட்டு நிற வேற்றுமை, நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டாம். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-ஆம் ஆண்டுக் கலவரத்தை ஒட்டி எழுப்பப்பட்ட சுவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரே ஊரை இரண்டாகப் பிரித்து நின்றது. 2008 மே 6-இல் அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறக்கப்பட்டது. அதைப் பொறாமல் சில குடும்பத்தார் வீடுகளைப் பூட்டிக்கொண்டு மலையடிவாரத்திற்குச் சென்றுவிட்டனர். அயலான் நடந்து வர ஒரு வழி திறந்ததற்காகத் தன் வீட்டையே துறந்து போகும் அளவிற்கு மனிதனின் மனம் இறுகிவிடுகிறதே!

இதே தமிழகத்தில்தான் 1997-இல் சமத்துவபுரம் என்னும் திட்டமும் பிறந்தது. முதலாவது சமத்துவபுரம் 1998-இல் திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 100 வீடுகள். ஆதி திராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10 என்பது பங்கீடு. அடுத்தடுத்த வீட்டில் பல சாதியார் வாழ்வதைத் திட்டம் தீட்டிக் கற்பிக்க வேண்டியிருந்ததே என்பது வருத்தத்திற்குரியது; கற்பிக்க ஒரு முயற்சியேனும் நடந்ததே என்பது ஆறுதல்.

ஏழைகளுக்கு ஊருக்குள் இடமில்லை என்று எல்லாரும் சேர்ந்து சொல்லிவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? எவரும் மனுக் கொடுக்காத இடத்திற்குத்தான். அது பெரும்பாலும் எவரும் வசிக்க விரும்பாத பள்ளமாக இருக்கும். சென்னையில் ஆற்றோரங்களிலிருந்தும் தெருவோரங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்கள் 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டார்கள். பிழைப்பிடம் எங்கோ இருக்க, அவர்கள் அனுப்பப்பட்டதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்வான பகுதிகளுக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் நீரால் சூழப்பட்டன. இங்கே இரண்டு குற்றங்களும் ஒன்று சேர்வதைக் காணுங்கள். ஏழைக்கு மேட்டு நிலத்தை மறுத்தவர்களே நீரின் வழியையும் அடைத்துவிடுகிறார்கள். ஆகவே நீரைக் காப்பதும் ஏழைக்கு இடம் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஊருக்குள் நல்ல மேட்டு நிலத்தை அவர்களுக்குக் கொடுக்கும் மனமிருந்தால் ஓடையும் பிழைக்கும், அவர்களும் பிழைப்பார்கள்.

1987-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை வீடற்றோர் ஆண்டாக அறிவித்தபோது, உரோமையிலுள்ள நீதி, அமைதிக் குழுவும் ஓர் ஏட்டை வெளியிட்டது. வீடற்ற உன் சகோதரனுக்கு நீ என்ன செய்தாய் என்று வினவுவதாக அதன் தலைப்பே அமைந்திருந்தது. அவ்வினாவை மனதில் வைத்து, மனு நம் கைக்கு வரும்போது மூன்று காரியங்களைச் செய்வோமாக.

முதலாவது, கையெழுத்திடுவதற்கு முன் நிலத்தை நேரில் சென்று பாருங்கள். வரைபடத்தையும், நீரின் போக்கை அறிந்த முதியவர்களையும் கேளுங்கள். பிறர் சொல்வதை நம்பிக் கையெழுத்திடுவது சான்று பகர்வதாகாது.

இரண்டாவது, உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள். இதே இடத்தில், இதே ஓடையில், நம் உறவினர் நாற்பது பேர் வீடு கட்ட வந்தால் இம்மனுவை எழுதியிருப்போமா? ஆம் என்றால் உங்கள் காரணம் உண்மையானது. இல்லை என்றால் அது போர்வை.

மூன்றாவது, "இங்கே வேண்டாம்" என்று எழுதுகிற அதே தாளில் "அங்கே கட்டுங்கள்" என்றும் எழுதுங்கள். மாற்று இடம் காட்டாத எதிர்ப்பு, வீடற்றவனை வீடற்றவனாகவே விட்டுவிடும். கிராம சபை அதற்கு ஏற்ற இடம். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடுகிறது. அங்கே வரப்போகிறவர்களும் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத காரணத்தை ஆட்சியருக்கும் எழுத வேண்டாம்.

நான் தொடங்கிய கதையை முடித்துவிடுகிறேன். இரண்டு நாட்களுக்குப் பின் அந்த ஏழு பேரையும் அழைத்து, மனுவை மாற்றி எழுதலாமா என்று கேட்டேன். வீடுகள் வேண்டும், ஓடையை விட்டு வடபுற மேட்டில் வேண்டும், குடிநீர்த் தொட்டி வேண்டும், கல்லறைப் பாதையை அளந்து கல் நட வேண்டும். நான்காவது காரணத்தை அவர்கள் முன்னிலையிலேயே அடித்தேன். நால்வர் கையெழுத்திட்டனர். மூவர் எழுந்து போய்விட்டனர். நான் ஐந்தாவதாகக் கையெழுத்திட்டேன். அவ்வாண்டுத் திருவிழாவிற்குச் சில வீடுகளிலிருந்து வரி வரவில்லை. கோபுர வேலை மேலும் ஓராண்டு தாமதமாயிற்று. வீடுகள் மேட்டில் எழுந்தன. அடுத்த மழைக்கு ஓடையில் வெள்ளம் வந்தபோது அது தடையின்றிக் குளம் சேர்ந்ததை நானும் அந்த நீர்பாய்ச்சியும் கரையில் நின்று பார்த்தோம்.

ஆனால் நான் மாற்றலாகி வரும்வரை அக்குடும்பங்கள் ஆலயத்தில் கடைசி வரிசையிலேயே நின்றன. நடுவில் இடமிருந்தும் அவர்கள் முன்வரவில்லை. முன்வாருங்கள் என்று எவரும் அழைக்கவுமில்லை. வீடு கட்ட அரசு போதும். அருகில் வந்து அமரச் சொல்வதற்கு அயலார்தாம் வேண்டும். அதைச் செய்து முடிக்காமல் வந்துவிட்டேனே என்னும் குறை எனக்குண்டு.

பெத்லகேமில் இடமில்லை என்று கதவடைத்தவர்களும் கொடியவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். அவர்களிடமும் தக்க காரணங்கள் இருந்திருக்கும். சத்திரம் நிரம்பியிருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாசலில் நிற்பவர் யாரென்று அவர்கள் பார்க்கவில்லை. அடுத்த முறை ஒரு மனு உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும்போது, பேனாவை எடுக்குமுன் குடும்பமாக அமர்ந்து ஒரு நொடி சிந்தியுங்கள். பிள்ளைகளும் அருகில் இருக்கட்டும். எதை எதிர்க்க வேண்டும், எவரை வரவேற்க வேண்டும் என்பதை அவர்கள் உங்களிடமிருந்தே கற்றுக்கொள்கிறார்கள்.

இறை ஆசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.